பங்காளிப் பகை: மிச்சிகன் கல்லூரிக் கால்பந்து அணியும் அதன் எதிரிகளும்



ஒரு கல்லூரி அணியின் வரலாற்றைச் சொல்லுங்கள், எந்த நாடானாலும் சரி என்று இந்த உரையின் அமைப்பாளர்கள் கேட்டார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகக் கால்பந்து அணியை எடுத்துக்கொண்டேன். அழைப்பிதழில் 'கால்பந்து' என்று பார்த்துவிட்டு ஜெர்சியோடு நாலைந்து பேர் வந்திருக்கிறார்கள். அவர்களிடம் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இது வேறு கால்பந்து. பந்து உருண்டை இல்லை, இருமுனையும் கூம்பியது. பெரும்பாலும் கையில்தான் இருக்கும். பக்கத்துக்குப் பதினொரு பேர். நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சி கிடைக்கும், அதற்கு 'ஃபர்ஸ்ட் டவுன்' என்று பெயர். முன்னேற முடியாது என்று தோன்றினால் பந்தை எதிரியின் பக்கம் தொலைவாக உதைத்துத் தள்ளிவிடலாம், அது 'பன்ட்'. எதிரியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுசேர்த்தால் 'டச் டவுன்'. இன்றைக்கு இந்த மூன்று சொற்கள் போதும்.

ஆன் ஆர்பர் என்ற ஊரில் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நான் அங்கே சில மாதங்கள் தங்கியிருந்தேன். ஆட்டம் நடக்கும் சனிக்கிழமை காலையில் வீட்டுக்காரர்கள் தங்கள் புல்தரையிலேயே கார் நிறுத்த இடம் விடுவார்கள். அட்டையில் கட்டணத்தை எழுதிப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் தெருவோரம் நிற்பார்கள். மக்காச்சோள மஞ்சளும் நீலமும் உடுத்திய கூட்டம் ஒரே திசையில் நடக்கும். தாத்தா, மகள், பேரன் என்று மூன்று தலைமுறை ஒரே வரிசையில் போவதைப் பார்த்தபோது நம்மூர்த் தேருக்குப் போகிற கூட்டம்தான் எனக்கு நினைவு வந்தது. ஸ்டேடியம் வெளியிலிருந்து பார்க்க அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. உள்ளே நுழைந்ததும் கால் தயங்கியது. தரையைத் தோண்டி இறக்கிக் கட்டியிருக்கிறார்கள். நாம் உச்சியில் நிற்கிறோம், கிணற்றைப் போல அடி ஆழத்தில் மைதானம். 1927-ல் கட்டியது. இன்று 1,07,601 பேர் உட்காரலாம். ஊரின் மக்கள்தொகையே 1.25 லட்சத்துக்குள்தான். 1975 நவம்பர் முதல், கொரோனா ஆண்டைத் தவிர்த்து, அங்கே நடந்த எந்த ஆட்டத்திலும் கூட்டம் ஒரு லட்சத்துக்குக் குறைந்ததில்லை. மாணவர்கள் ஆடும் ஆட்டம் இது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை பேரை வரவைப்பது எது? வெற்றி என்று நானும் நினைத்தேன். மிச்சிகன் நிறைய வென்ற அணிதான். 2023 நவம்பரில் மேரிலாந்தை 31–24 என்று வென்றபோது, ஆயிரம் வெற்றி கண்ட முதல் கல்லூரிக் கால்பந்து அணி ஆனது. ஆனால் அந்த ஊர்ப் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அவர்கள் வெற்றிக் கணக்கைச் சொல்வதில்லை. யாரிடம் எப்படித் தோற்றோம், யார் எங்களை ஏமாற்றினார்கள் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கேட்கக் கேட்க எனக்கு நம்மிடம் உள்ள ஒரு சொல் நினைவுக்கு வந்தது: பங்காளி. எதிரி என்றால் எங்கிருந்தோ வருபவன். பங்காளி அப்படியல்ல, ஒரே சொத்தில் பங்கு உள்ளவன், ஒரே சுவரின் மறுபக்கம் குடியிருப்பவன். அவனோடு கோர்ட்டுக்கும் போவோம், அவன் வீட்டுச் சாவுக்கும் போவோம். மிச்சிகனின் பெரிய பகைகள் எல்லாமே பங்காளிப் பகைகள். இன்று நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

முதல் பங்காளி ஒஹாயோ. இந்தச் சண்டை பந்துக்கு முன்னால் வரப்பில் தொடங்கியது. 1835-ல் ஒஹாயோ ஏற்கெனவே மாநிலம். மிச்சிகன் இன்னும் மாநில அந்தஸ்து கேட்டுக்கொண்டிருந்த பிரதேசம். எல்லை வரைந்த நிலப்படங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டதால், டொலீடோ என்ற ஊரையொட்டிய ஒரு நிலத்துண்டு எங்களுடையது என்று இருவருமே சொன்னார்கள். இருபக்கமும் படை திரட்டின. அதை டொலீடோ போர் என்று வரலாற்றுப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். போரில் சிந்திய ரத்தம் ஒரே ஒருவருடையது. ஸ்டிக்னி என்பவர் தன் பிள்ளைகளுக்கு 'ஒன்று', 'இரண்டு' என்று பெயர் வைத்திருந்தார்; அவர்களில் 'இரண்டு' ஸ்டிக்னி, தன்னைக் கைதுசெய்ய வந்த மிச்சிகன் அதிகாரியைப் பேனாக்கத்தியால் குத்திவிட்டான். அதிகாரி பிழைத்துக்கொண்டார். அதிபர் தேர்தல் ஆண்டில் வாக்குள்ள மாநிலத்தைப் பகைத்துக்கொள்ள வாஷிங்டனில் யாருக்கும் மனமில்லை. டொலீடோ ஒஹாயோவுக்குப் போனது. ஈடாக, வடக்கே யாருக்கும் வேண்டாத ஒரு காட்டுத் தீபகற்பத்தை மிச்சிகன் தலையில் கட்டினார்கள். 1837 ஜனவரியில் மாநில அந்தஸ்தும் வந்தது. பிறகு அந்தக் காட்டில் செம்பும் இரும்பும் கொட்டிக்கிடப்பது தெரிந்தது. பாகப்பிரிவினையில் ஏமாந்தவன்தான் கடைசியில் கொழித்தான் என்பதை நம்மூரிலும் பார்த்திருப்பீர்கள். ஆனாலும் அந்த மனக்குறை போகவில்லை.

அணி பிறந்தது 1879-ல். மே 30 அன்று சிகாகோவில் ரேசின் கல்லூரியை வென்றது. எட்டு ஆண்டு கழித்து, 1887 நவம்பர் 23 அன்று, மிச்சிகன் மாணவர்கள் இண்டியானாவில் கத்தோலிக்கப் பாதிரியார்கள் நடத்திய நோட்டர் டேம் கல்லூரிக்குப் போனார்கள். அங்கே இந்த ஆட்டம் யாருக்கும் தெரியாது. மிச்சிகன்காரர்கள் முதலில் இரு கல்லூரிப் பையன்களையும் கலந்து நிறுத்தி விதிகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்புறம் பிரிந்து ஆடி 8–0 என்று வென்றார்கள். சொல்லிக்கொடுத்த அன்றைக்கே தோற்கடிப்பதும் ஒரு கற்பித்தல் முறைதான். 1909-ல் மாணவன் முதன்முறையாக ஆசானை வென்றான். அடுத்த ஆண்டே, நோட்டர் டேம் அணியில் இருவருக்கு ஆடும் தகுதியில்லை என்று சொல்லி மிச்சிகன் கடைசி நேரத்தில் ஆட்டத்தை ரத்து செய்தது. 1942 வரை இருவரும் மைதானத்தில் சந்திக்கவேயில்லை. அக்கம்பக்கத்துப் பெரிய அணிகள் கதவைச் சாத்தவே, நோட்டர் டேம் ரயிலேறி நாடு முழுக்கப் போய் ஆடியது. கத்தோலிக்கர் இருந்த ஊரெல்லாம் அதற்கு ரசிகர்கள் சேர்ந்தார்கள். மிச்சிகன் அன்று சாத்திய கதவுதான் நோட்டர் டேமை நாடறிந்த அணியாக்கியது என்பது என் கருத்து.

அந்தக் கதவைச் சாத்தியவர் ஃபீல்டிங் யோஸ்ட். 1901-ல் பயிற்சியாளராக வந்தார். அந்த ஆண்டு அவருடைய அணி எடுத்த புள்ளி 550. எதிரிகள் எடுத்தது பூஜ்யம். 1902 புத்தாண்டு நாளில், பிற்பாடு ரோஸ் பவுல் என்று பெயர்பெற்ற போட்டியின் முதல் ஆட்டத்தில், ஸ்டான்ஃபர்டை 49–0 என்று தோற்கடித்தது. 1901 முதல் 1905 வரை ஐந்து ஆண்டில் எடுத்தது 2,821, கொடுத்தது 42. தொடர்ந்து 56 ஆட்டம் தோற்கவில்லை. அவற்றில் சமனானது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றைப் பற்றித்தான் நான் பேசப்போகிறேன்.

1903 அக்டோபர் 31, மினியாபொலிஸ். எதிரணி மின்னசோட்டா. அவர்கள் தரும் தண்ணீரை நம்பலாமா என்று யோஸ்ட்டுக்குச் சந்தேகம். கடைக்குப் போய் ஒரு ஜாடி வாங்கிவரச் சொன்னார். மாணவ மேலாளர் 30 சென்ட் கொடுத்து ஐந்து காலன் பிடிக்கும் மண்ஜாடி ஒன்றை வாங்கிவந்தார். நம் வீடுகளில் ஊறுகாய் போட்டு வைக்கிற ஜாடி போலத்தான், கழுத்து குறுகியது, பிடி வைத்தது. ஆட்டம் முடியச் சற்று முன்பு மின்னசோட்டா சமன் செய்ய, 6–6. ரசிகர்கள் மைதானத்துக்குள் பாய்ந்துவிட்டார்கள். ஆட்டம் அத்தோடு நிறுத்தப்பட்டது. மிச்சிகன்காரர்கள் அவசரமாகக் கிளம்பியதில் ஜாடி மறந்துபோயிற்று. மறுநாள் அதைக் கண்டெடுத்தவர் மைதானப் பணியாளர் ஆஸ்கர் மன்சன். அவர் அதை விளையாட்டுத் துறைத் தலைவர் குக்கிடம் கொண்டுபோனார். ஜாடியில் புள்ளிக்கணக்கை எழுதினார்கள்: மின்னசோட்டாவின் 6 பெரிய எழுத்தில், மிச்சிகனின் 6 சின்னதாக. ஜாடியைத் திருப்பி அனுப்பச் சொல்லி யோஸ்ட் கேட்டதாகவும், வேண்டுமென்றால் வந்து ஜெயித்து எடுத்துப்போங்கள் என்று பதில் போனதாகவும் கதை சொல்வார்கள். 1909-ல் போய் 15–6 என்று ஜெயித்துத்தான் எடுத்துவந்தார்கள். அன்றிலிருந்து இரு அணிகளும் மோதும்போதெல்லாம் வென்றவர் வீட்டுக்கு அந்த ஜாடி போகிறது. ஒவ்வோர் ஆட்டத்தின் கணக்கும் அதன் மேலேயே எழுதப்படுகிறது. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் மிகப் பழைய பரிசுச் சின்னங்களில் அது ஒன்று. தண்ணீரில் எதையாவது கலந்துவிடுவான் என்ற சந்தேகம்தான் அதன் மூலம். இதைவிடச் சுத்தமான பங்காளித்தனம் எனக்குத் தெரியாது.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் கதை வேறு மாதிரி. 1898-ல் சிகாகோவை 12–11 என்று வென்ற மகிழ்ச்சியில்தான் லூயி எல்பெல் என்ற மாணவர் 'தி விக்டர்ஸ்' பாட்டை எழுதினார். இன்றுவரை அணியின் பாட்டு அதுதான். யோஸ்ட்டின் 56 ஆட்டக் கணக்கை முடித்துவைத்ததும் சிகாகோதான், 1905-ல் 2–0 என்று. தன் எல்லைக்கோட்டுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு அந்த இரண்டு புள்ளியைக் கொடுத்த டென்னி கிளார்க்கை ஊர் மன்னிக்கவில்லை. 1932-ல் அவர் தற்கொலை செய்துகொண்டபோதும் அந்த இரண்டு புள்ளிதான் பேசப்பட்டது. 1939-ல் மிச்சிகன் சிகாகோவை 85–0 என்று நசுக்கியது. அந்த டிசம்பரிலேயே சிகாகோ, படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று கால்பந்தையே கைவிட்டது. ஆளில்லாத அதன் கேலரிக்கு அடியில்தான் 1942 டிசம்பர் 2 அன்று மனிதர் உருவாக்கிய, தானே தொடரும் முதல் அணுக்கருத் தொடர்வினை நடந்தது. பிறகு அந்த மைதானம் இருந்த இடத்தில் ரீகன்ஸ்டைன் நூலகம் எழுந்தது. சங்கப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஏ.கே. ராமானுஜன் 1993-ல் மறையும்வரை பணியாற்றியது அந்தப் பல்கலைக்கழகத்தில்தான். பகையாளி ஆட்டத்தை விட்டுப் போனால் அந்த இடத்தில் நூலகம் வரும் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் மிச்சிகன்காரர்களுக்கு அதில் ஒரு வெறுமை இருந்திருக்க வேண்டும். பழைய பகை அது.

இனிச் சொல்வது சொல்லக் கசப்பானது. ஜார்ஜ் ஜூவெட் என்ற கறுப்பின மாணவர் 1890-லும் 1892-லும் மிச்சிகனுக்கு ஆடினார். அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் அணியில் ஒரு கறுப்பினத்தவர்கூட இல்லை. யோஸ்ட்டின் தந்தை உள்நாட்டுப் போரில் தெற்கின் படையில் இருந்தவர். யோஸ்ட் பயிற்சியாளராக இருந்த காலம் முழுக்க அந்தக் கதவும் சாத்தியே இருந்தது. 1932-ல் வில்லிஸ் வார்ட் வந்தார். அபார ஓட்டக்காரர். பின்னாளில், 1935-ல், ஆன் ஆர்பரின் உள்ளரங்கில் ஜெஸ்ஸி ஓவன்ஸையே முந்தியவர். 1934 அக்டோபரில் ஜார்ஜியா டெக் ஆன் ஆர்பருக்கு வந்து ஆட வேண்டும். கறுப்பர் ஆடினால் நாங்கள் இறங்கமாட்டோம் என்றது தெற்கிலிருந்து வந்த அந்த அணி. வளாகத்தில் மாணவர்கள் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள், கூட்டம் போட்டார்கள். நிர்வாகம் பணிந்தது. வார்ட் தன் சொந்த மைதானத்திலேயே ஆட முடியாமல் போனது. சரிக்குச் சரி என்று ஜார்ஜியாவும் ஒரு வீரரை உட்கார வைத்தது. அந்தச் சரிக்குச் சரியில் இருக்கும் அநியாயத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

வார்ட்டின் நண்பர், வெளியூர் போனால் ஒரே அறையில் தங்குபவர், அணியின் சென்டர் ஆட்டக்காரர் ஒருவர் இருந்தார். நானும் ஆடமாட்டேன் என்று அவர் யோசித்தார். நீ ஆடு என்று வார்ட்டே சொன்ன பிறகுதான் இறங்கினார். மிச்சிகன் 9–2 என்று வென்றது. எட்டு ஆட்டத்தில் ஏழு தோற்ற அந்த ஆண்டில் கிடைத்த ஒரே வெற்றி அது. அந்த நண்பரின் பெயர் ஜெரால்ட் ஃபோர்ட், பின்னாளில் அமெரிக்க அதிபர். 1999-ல், எண்பத்தாறு வயதில், பல்கலைக்கழகச் சேர்க்கையில் சிறுபான்மையினருக்கு இடம் தருவதை ஆதரித்து நியூயார்க் டைம்ஸில் எழுதியபோது வார்ட்டின் கதையைத்தான் எடுத்துச் சொன்னார். வார்ட் வழக்கறிஞராகி, நீதிபதியும் ஆனார். ஆனால் அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ஓட்டத்திலும் ஆட்டத்திலும் பழைய பற்று போய்விட்டது என்று அவரே பின்னாளில் சொன்னார். பகையாளிகளைப் பற்றி ஆயிரம் கதை சொல்கிற ஊரில், சொந்த வீட்டார் செய்த இந்தக் கதை பல ஆண்டுகள் அதிகம் பேசப்படவில்லை. 2021 முதல் நார்த்வெஸ்டர்னுடன் ஆடும் ஆட்டத்துக்கு ஜூவெட்டின் பெயரில் கோப்பை வைத்திருக்கிறார்கள்.

ஒஹாயோவுக்குத் திரும்புகிறேன். 1897-ல் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தோடு முதல் ஆட்டம், மிச்சிகன் 34–0. 1902-ல் 86–0. ஒஹாயோ ஸ்டேட் முதன்முதலில் வென்றது 1919-ல்தான். அந்தத் தாழ்வுணர்ச்சியிலிருந்து ஒரு வழக்கம் பிறந்தது. 1934-ல் ஒஹாயோவுக்கு வந்த பயிற்சியாளர் ஃபிரான்சிஸ் ஷ்மிட், மிச்சிகன்காரர்களும் நம்மைப் போல ஒரு காலுக்குப் பின் மறுகால் விட்டுத்தான் கால்சட்டை போடுகிறார்கள் என்றார். அந்த ஆண்டு ஜெயித்தார்கள். அன்று முதல் மிச்சிகனைத் தோற்கடிக்கும் அணியின் ஒவ்வொரு வீரருக்கும் சின்னஞ்சிறு தங்கக் கால்சட்டைப் பதக்கம் ஒன்று தருகிறார்கள். சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது. வேறு யாரை ஜெயித்தாலும் அது கிடையாது.

1950 நவம்பர் 25 அன்று ஒஹாயோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸில் நடந்ததை ஆட்டம் என்று சொல்வதே மிகை. பனிப்புயல். கோடுகளைக் கண்டுபிடிக்க மைதானத்தைத் துடைப்பத்தால் பெருக்கினார்கள். பழைய செய்திப் படத்தில் பார்த்தால் வீரர்கள் நிழல்களாக மட்டுமே தெரிகிறார்கள். பந்தைக் கையில் வைத்திருப்பதே ஆபத்து என்பதால் கிடைத்த உடனே பன்ட் செய்தார்கள்: மிச்சிகன் 24 முறை, ஒஹாயோ 21 முறை. மிச்சிகன் எறிந்த ஒன்பது பாஸில் ஒன்றும் கைசேரவில்லை. ஆட்டம் முழுக்க ஒரு ஃபர்ஸ்ட் டவுன்கூட எடுக்கவில்லை. மொத்த முன்னேற்றம் 27 கஜம். ஆனாலும் வென்றது, 9–3. இடைவேளைக்குச் சில வினாடிகள் இருக்க, பேசாமல் பந்தைப் பிடித்துக்கொண்டு நேரத்தைக் கடத்தியிருக்க வேண்டிய ஒஹாயோ பன்ட் செய்தது. அதைத் தடுத்து எல்லைக்கோட்டுக்குள் விழுந்து பந்தைப் பிடித்தவர் மிச்சிகனின் டோனி மாம்சன். அவருடைய தம்பி பாப் மாம்சன் எதிரணியில் ஒஹாயோவுக்கு ஆடிக்கொண்டிருந்தார். அண்ணன் தம்பி இருவரும் எந்த ஊர்க்காரர்கள் என்று நினைக்கிறீர்கள்? டொலீடோ.

அந்தத் தோல்வியோடு ஒஹாயோவின் பயிற்சியாளர் பதவி விலகினார். அடுத்து வந்தவர் வுடி ஹேய்ஸ். போர் வரலாறு படிப்பவர், சட்டென்று கைநீட்டுபவர், மழையோ பனியோ அரைக்கை சட்டையோடு நிற்பவர். மிச்சிகன் என்ற பெயரையே அவர் வாயால் சொல்லமாட்டார். 'வடக்கே இருக்கிற அந்த மாநிலம்' என்பார். ஒருமுறை மிச்சிகனில் பெட்ரோல் தீரும் நிலையிலும், அந்த மாநிலத்துக்கு ஒரு சென்ட் வரிகூடக் கட்டமாட்டேன், எல்லைவரை காரைத் தள்ளியாவது கொண்டுபோவேன் என்றாராம். உண்மையோ பொய்யோ, ஒஹாயோவில் எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். இன்றும் மிச்சிகனோடு ஆட்டம் உள்ள வாரத்தில் ஒஹாயோ ஸ்டேட் வளாகப் பலகைகளில் 'எம்' எழுத்து வரும் இடமெல்லாம் சிவப்பு நாடா ஒட்டி அடித்துவிடுவார்கள். கணவன் பெயரைச் சொல்லாத நம் பாட்டிகள்கூட எழுத்தைவரை போகவில்லை.

1968-ல் ஹேய்ஸ் மிச்சிகனை 50–14 என்று தோற்கடித்தார். ஆட்டம் கைவசமான பிறகும் கடைசி டச் டவுனுக்குப் பின் கூடுதல் இரண்டு புள்ளிக்கு முயன்றார். அவமானம் தாங்காத மிச்சிகன் புதுப் பயிற்சியாளரைத் தேடி ஒருவரைப் பிடித்தது: போ ஷெம்பெக்லர். ஒஹாயோவில் பிறந்து வளர்ந்தவர். ஒஹாயோவின் மயாமி பல்கலைக்கழகத்தில் ஹேய்ஸிடம் ஆடியவர், பிறகு அவருக்குக் கீழேயே உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். குருவிடம் கற்ற எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பங்காளி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அந்த ஆண்டு முழுக்கத் தன் வீரர்களின் கண்ணில் படும் இடமெல்லாம் 50 என்ற எண் இருக்கும்படி பார்த்துக்கொண்டார்.

1969 நவம்பர் 22. ஒஹாயோ தொடர்ந்து 22 ஆட்டம் வென்று வந்திருந்தது. அந்த அணியை வெல்ல யாராலும் முடியாது என்று பத்திரிகைகள் எழுதியிருந்தன. முதல் பாதியிலேயே மிச்சிகன் 24–12. இரண்டாம் பாதியில் இருவரும் ஒரு புள்ளியும் எடுக்கவில்லை. குருவின் அடுத்த நகர்வு சீடனுக்குத் தெரிந்திருந்தது. இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதப்பட்டதில் எனக்கு ஏற்புடைய விளக்கம் அது ஒன்றுதான். ஆறு வாரம் கழித்து, ரோஸ் பவுல் ஆட்டத்துக்கு முன் ஷெம்பெக்லருக்கு மாரடைப்பு. வயது நாற்பதுதான்.

அதிலிருந்து பத்து ஆண்டுகளைப் 'பத்தாண்டுப் போர்' என்கிறார்கள். மிச்சிகன் ஐந்து, ஒஹாயோ நான்கு, ஒன்று சமன். அந்தச் சமன்தான் ஷெம்பெக்லரைக் கடைசிவரை அறுத்தது. 1973-ல் இரு அணியும் தோல்வி காணாமல் வந்து 10–10 என்று முடித்தன. ரோஸ் பவுலுக்கு யார் போவது? அன்றைய விதிப்படி இரு அணியும் இருந்த சங்கத்தின் பத்துப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுத் துறைத் தலைவர்கள் மறுநாள் வாக்களித்தார்கள். மிச்சிகனின் ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் டென்னிஸ் ஃபிராங்க்ளினுக்குக் காறை எலும்பு முறிந்திருந்தது. 6–4 என்று ஒஹாயோ போனது. மிச்சிகனின் பக்கத்து வீடான மிச்சிகன் ஸ்டேட்டும் ஒஹாயோவுக்குத்தான் வாக்களித்தது. 1972 முதல் 1974 வரை மூன்று ஆண்டில் 30 வெற்றி, 2 தோல்வி, 1 சமன் என்று முடித்த அந்த அணி, ஆண்டிறுதிப் போட்டி ஒன்றில்கூட ஆடாமல் கல்லூரியைவிட்டு வெளியேறியது. சங்கத்திலிருந்து ஓர் அணி மட்டுமே ஆண்டிறுதிப் போட்டிக்குப் போகலாம் என்ற விதியை 1975-ல் மாற்றினார்கள். அந்தப் பையன்களுக்கு அதில் என்ன பயன்?

மிச்சிகன் ஸ்டேட்டைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 1955-ல் அது தன்னைப் பல்கலைக்கழகம் என்று அழைத்துக்கொள்ள முயன்றபோது, பெயர் குழப்பும் என்று மூத்தது எதிர்த்தது. 2007-ல் ஓர் ஆட்டம் வென்றதும் மிச்சிகன் வீரர் மைக் ஹார்ட் அவர்களைத் 'தம்பி' என்று கேலி செய்தார். தம்பி அடுத்த நான்கு ஆண்டும் அண்ணனைத் தோற்கடித்தான். 2015-ல் மிச்சிகன் 23–21 என்று முன்னிலையில் இருக்க, மிச்சம் பத்து வினாடி. பன்ட் செய்தால் போதும். பந்து கைநழுவியது, மிச்சிகன் ஸ்டேட்டின் ஜேலன் வாட்ஸ்-ஜாக்சன் அதை எடுத்துக்கொண்டு 38 கஜம் ஓடி, இடுப்பெலும்பு முறிய எல்லைக்கோட்டில் விழுந்தார். 27–23. பங்காளியையும் பனங்காயையும் பதம் பார்த்து வெட்டச் சொன்னார்கள் நம் பெரியவர்கள்; ஹார்ட்டுக்கு அதைச் சொல்ல ஆளில்லை.

ஹேய்ஸின் முடிவு அலங்கோலமானது. 1978 டிசம்பரில் கேட்டர் பவுல் ஆட்டத்தில், பந்தைப் பறித்த எதிரணி மாணவரைத் தொலைக்காட்சி பார்க்கக் குத்தினார். மறுநாள் பதவி போனது. 1987-ல் இறந்தார். இறப்பதற்கு முன் கடைசியாகக் கலந்துகொண்ட நிகழ்ச்சிகளில் ஒன்று டேட்டனில் நடந்த ஒரு விருந்து. உடம்பு முடியாத நிலையிலும் அவர் வந்தது, அன்று பேச இருந்தவரை அறிமுகம் செய்துவைக்க. பேச இருந்தவர் ஷெம்பெக்லர்.

ஷெம்பெக்லர் 2006 நவம்பர் 17 அன்று காலமானார். மறுநாள் கொலம்பஸில் ஆட்டம். ஒஹாயோ முதலிடம், மிச்சிகன் இரண்டாமிடம். ஆட்டத்துக்கு முன் ஒஹாயோவின் மைதானத்திலேயே, ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் அவருக்காக எழுந்து மௌனமாக நின்றார்கள். பிறகு ஒஹாயோ 42–39 என்று வென்றது. பங்காளி வீட்டுச் சாவுக்குப் போவோம் என்று முன்பே சொன்னேன் அல்லவா?

இங்கே நிறுத்தினால் கதை அழகாக முடியும். ஆனால் நான் வரலாறு சொல்ல வந்தவன். 1966 முதல் 2003 வரை அந்தப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஒரு மருத்துவர் தன்னிடம் வந்தவர்களிடம் பாலியல் அத்துமீறல் செய்துவந்தார் என்பது பின்னாளில் வெளியானது. அவர்களில் ஏராளமானோர் விளையாட்டு வீரர்கள். 2022 ஜனவரியில் ஏறத்தாழ 1,050 பேருக்கு 49 கோடி டாலர் இழப்பீடு தரப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. ஷெம்பெக்லரிடம் அப்போதே சொன்னோம், அவர் கண்டுகொள்ளவில்லை என்று அவருடைய வளர்ப்பு மகனும் பழைய வீரர்கள் சிலரும் 2021-ல் வெளிப்படையாகச் சொன்னார்கள். மறுத்த குடும்பத்தினரும் வீரர்களும் உண்டு. எதிரியின் சமிக்ஞை ஒவ்வொன்றையும் படிக்கத் தெரிந்த ஓர் அமைப்பு, தன் அறைக்குள் நடந்ததை முப்பத்தேழு ஆண்டு படிக்கவில்லை. எத்தனை வெற்றியைச் சொன்னாலும் இதையும் அடுத்த வரியில் சொல்லியாக வேண்டும்.

சமிக்ஞை என்றேன். 2023-ல், மிச்சிகன் ஊழியர் ஒருவர் எதிரணிகளின் ஆட்டத்துக்கு ஆளனுப்பிப் பக்கவாட்டுச் சைகைகளைப் படம்பிடித்த விவகாரம் வெடித்தது. ஒற்றாடலுக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பின் விதியில் அதற்கு இடமில்லை. பயிற்சியாளர் ஜிம் ஹார்பாவுக்கு மூன்று ஆட்டத் தடை. அவர் இல்லாமலே ஒஹாயோவை 30–24 என்று வென்றார்கள். தடை முடிந்து அவர் திரும்பிய பிறகு, 2024 ஜனவரியில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை 34–13 என்று தோற்கடித்து, தோல்வியே காணாமல் தேசிய சாம்பியன் ஆனார்கள். ஒஹாயோக்காரரிடம் கேட்டால் அந்தக் கோப்பையைக் கோப்பை என்றே சொல்லமாட்டார்.

இன்று இதில் புரளும் பணம் வேறு. மாணவர்களுக்குப் பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் தரலாம் என்று 2025-ல் நீதிமன்ற ஒப்பந்தம் வந்துவிட்டது. தொலைக்காட்சிப் பணத்தால் சங்கங்கள் கலைந்து, கடற்கரைக்குக் கடற்கரை அணிகள் ஒரே பட்டியலில் சேர்ந்துவிட்டன. எங்கேயோ இருக்கும் அணியோடு ஆட வைப்பது சுலபம், பகைக்க வைப்பது கஷ்டம்.

கடைசியாக, 2024 நவம்பர் 30. அந்த ஆண்டு மிச்சிகன் சாதாரண அணி, ஐந்து ஆட்டம் தோற்றிருந்தது. ஒஹாயோவோ இரண்டாமிடத்தில். கொலம்பஸில் மிச்சிகன் 13–10 என்று வென்றது. மிச்சிகன் வீரர்கள் ஒஹாயோவின் மைதான நடுவில் கொடி நட முயல, கைகலப்பு. போலீஸ் மிளகு ஸ்பிரே அடித்தது. இரு பல்கலைக்கழகங்களுக்கும் தலா ஒரு லட்சம் டாலர் அபராதம். ஒஹாயோ அதோடு ஓய்ந்துவிடவில்லை. வரிசையாக நான்கு ஆட்டம் வென்று, 2025 ஜனவரி 20 அன்று நோட்டர் டேமை 34–23 என்று தோற்கடித்து நாட்டின் சாம்பியன் ஆனது. கோப்பை வந்தது, ஊர்வலம் வந்தது, மோதிரம் வந்தது. அந்தச் சின்னத் தங்கக் கால்சட்டை மட்டும் அந்த ஆண்டு அணியில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை.